ரிவ்யூ மீட்டிங்குல நம்பர் கேக்கறாங்க, கேஸைப் பத்திப் பேச ஆள் இருக்கா? (குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணியாளர்களுக்கு)

தறிச்சத்தம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொங்குப் பக்கம் ஒரு மாவட்டத்துல, குழந்தைகள் பாதுகாப்பு அலகுல, சமூகப் பணியாளரா ஆறு வருசமா இருக்கேன். ஒப்பந்த வேலைதான். மாவட்டப் பேரு வேண்டாம். கீழே சொல்ற குடும்பத்தோட அடையாளத்தை எல்லாம் மாத்தித்தான் எழுதறேன். எந்த ஊருன்னு யாரும் கேக்காதீங்க.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை பொழுதோட என் பொண்ணுக்குத் தண்ணி வார்த்துட்டு இருந்தேன். அவளுக்கு அஞ்சு வயசு. முதுகுக்குச் சோப்புப் போடறப்ப தோள்பட்டைக்குக் கீழே செவப்பா ஒரு தடிப்பு. கொசு கடிச்சதுதான், பார்த்தாலே தெரியும். ஆனா என் கை அப்படியே நின்னு போச்சு. "யாரு அடிச்சா? சொல்லு, யாரு அடிச்சா?"ன்னு தோளைப் புடிச்சு உலுக்கிக் கேட்டுட்டேன். பொண்ணு பயந்து அழுதுட்டா. மாமியார் ஓடி வந்து, "ஏன் அம்மிணி, என்னாச்சு"ன்னு துண்டைச் சுத்தித் தூக்கிட்டுப் போனாங்க. நான் சொம்பைக் கையில வெச்சுட்டு அங்கேயே உக்காந்திருந்தேன்.

அன்னிக்குக் காலைல பவர்லூம் வளவு ஒண்ணுக்கு ஹோம் விசிட் போயிருந்தேன். அது நாலாவது விசிட். ஏழு வயசுப் பொண்ணு, தம்பி ஒருத்தன். பள்ளிக்கூடத்துல இருந்து தகவல் வந்து எடுத்த கேஸ். அம்மா நல்லாப் பேசுவாங்க, போனதும் டீ வெச்சுக் குடுப்பாங்க. "வீட்டுச் சூழல் திருப்திகரமாக உள்ளது"ன்னு சமூக விசாரணை அறிக்கைல எழுதறதுக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா எழுத உக்காந்தா மனசு ஒப்பலை. என்ன ஒப்பலைன்னும் சொல்லத் தெரியலை. 15 நாளைக்குள்ள விசாரணை முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, எனக்கு 13 நாள் போயிருச்சு.

யார்கிட்டயாவது ஒரு மணி நேரம் உக்காந்து பேசினாத் தெளிஞ்சிருக்கும். ஆனா யார்கிட்ட? மாசாமாசம் ரிவ்யூ இருக்கு. அதுல பெண்டிங் அறிக்கை எத்தனை, நிதி ஆதரவுல புதுசா எத்தனை குழந்தை, ஃபாலோ அப் எத்தனை, ஃபோட்டோ ஏத்தியாச்சா, அவ்வளவுதான். ஒரு தடவை ஒரு கேஸைப் பத்தி வாயைத் திறந்தேன். "அதை ஆற்றுப்படுத்துநர்கிட்டப் பேசுங்கம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாங்க. எங்க ஆற்றுப்படுத்துநர், அதான் கவுன்சிலர், தங்கமான பொண்ணு. அவளே ஒரு நாள் பாத்ரூம்ல அழுதுட்டு மொகம் கழுவிட்டு வர்றதைப் பார்த்திருக்கேன். அவகிட்ட நான் போய் என்னத்தை இறக்கி வைக்கறது?

உங்க மாவட்டத்துல யாராவது கேஸை எடுத்து வெச்சு, மூத்தவங்க ஒருத்தரோட உக்காந்து பேசற வழக்கம் இருக்குங்களா? இருந்தா எப்படி நடத்தறீங்க? நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

நொய்யல்கரை எழுதியது:

தறிச்சத்தம் அக்கா, படிச்சிட்டு ஒரு நிமிசம் ஃபோனைக் கீழ வெச்சுட்டேன். உங்களுக்கு நடந்ததுக்குப் பேரு இருக்கு, 'விகேரியஸ் ட்ராமா'ன்னு சொல்லுவாங்க. மெக்கான், பெர்ல்மன்னு ரெண்டு உளவியலாளர்கள் 1990ல இதைப் பத்தி எழுதினாங்க. அடுத்தவங்க காயத்தைக் கேட்டுக் கேட்டு, கேக்கறவங்களோட உலகப் பார்வையே மாறிப் போறது. இது வேலைக் களைப்பு இல்லை. களைப்புன்னா ரெண்டு நாள் லீவு போட்டாக் கொஞ்சம் தணியும். இது லீவு நாள்லயும் கூடவே வரும். கொசுக்கடியை அடியாப் பார்க்க வைக்கும். உங்களுக்கு ஏதோ கோளாறுன்னு மட்டும் நெனைக்காதீங்க.

நான் ஆற்றுப்படுத்துநர். முன்னாடி 1098, குழந்தைகள் உதவி எண், அதோட களப்பணில இருந்தேன். நான் இருந்த அணியில சனிக்கிழமை மத்தியானம் ஆறு பேர் சோறு தின்னுட்டு வட்டமா உக்காந்து, அந்த வாரத்துல எது தூங்க விடலையோ அந்தக் கேஸைப் பேசுவோம். அதுக்கு யாரும் பேரு வெக்கலை, பயிற்சியும் எடுக்கலை. எங்க மூத்த அக்கா ஒருத்தங்க கேள்வி கேப்பாங்க, அவ்வளவுதான். 2023ல 1098 அரசு கைக்கு மாறினப்ப ஆளாளுக்கு ஒரு பக்கம் போயிட்டோம். அந்தச் சனிக்கிழமையும் போச்சு. போனதுக்கு அப்பறந்தான் அது என்னன்னே புரிஞ்சுது.

ஒண்ணு சொல்றேன். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒரு ஒடியாக் குடும்பம். அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. பன்னெண்டு வயசு மூத்த பையனுக்குத் தமிழ் நல்லா வரும், அவனை வெச்சுத்தான் பேசினேன். அப்பா அம்மாவை அடிக்கிறதைப் பத்தின கேள்விகளை அந்தப் பையன் வாயாலயே அம்மாகிட்டக் கேக்க வெச்சேன். அம்மா சொன்ன பதிலை அவனே எனக்குத் திருப்பிச் சொன்னான். மூணு விசிட் அப்படித்தான். சனிக்கிழமை வட்டத்துல சாதாரணமாச் சொல்லிட்டுப் போறேன், அக்கா கேட்டாங்க: "அதைச் சொல்றப்ப அந்தப் பையன் எங்க பார்த்துட்டு இருந்தான்?" எனக்குப் பதில் தெரியலை. அடுத்த விசிட்டுக்கு ஒடியா தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனேன். அன்னிக்குத்தான் அந்த அம்மா முழுசாப் பேசுச்சு.

அந்தக் கேள்வி வரலைன்னா நான் அப்படியே தொடர்ந்திருப்பேன். என் ஃபைல்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

வேம்படி எழுதியது:

அன்புள்ள தறிச்சத்தம், நொய்யல்கரை இருவருக்கும்.

நான் கோவையில் முதுகலை சமூகப்பணி மாணவர்களுக்கு நீண்ட காலம் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவள். நீங்கள் இருவரும் அந்தப் படிப்பு படித்தவர்களாகத்தான் இருப்பீர்கள். களப்பயிற்சி நாட்களை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் களம். திரும்பி வந்ததும் அறிக்கை எழுத வேண்டும். வாரம் ஒரு முறை ஆசிரியரோடு தனியாக உட்கார வேண்டும், இன்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ் என்போம். உங்கள் அறிக்கையின் ஓரத்தில் சிவப்பு மையில் "இதைக் கேட்டபோது உனக்கு என்ன தோன்றியது?" என்று எழுதியிருப்போம். இருபத்திரண்டு வயதில், யாருடைய வாழ்க்கையையும் முடிவு செய்யும் அதிகாரம் இல்லாத மாணவருக்கு வாரம் ஒரு மணி நேரம் தந்தோம். அதே பிள்ளை பட்டம் வாங்கி, ஒரு குழந்தை எந்த வீட்டில் வளர வேண்டும் என்று குழந்தைகள் நலக் குழுவுக்குப் பரிந்துரை எழுதும் இடத்துக்கு வந்ததும் அந்த ஒரு மணி நேரம் நின்றுவிடுகிறது. எந்தத் தர்க்கத்தில் நிற்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பணி ஓய்வுக்குப் பின் என் மனதை அதிகம் வருத்துவது இதுதான்.

சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பக்கம் சூப்பர்வைசர் என்றால் பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணுபவர். மேற்பார்வை என்றால் தப்புக் கண்டுபிடிக்க வருபவர். சமூகப்பணியில் இந்தச் சொல்லின் பொருளை ஆல்ஃபிரட் கடூஷின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1976ல் மூன்றாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று நிர்வாகம்: வேலை முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பது. அடுத்தது கற்பித்தல்: பணியாளர் இன்னும் தேர்ச்சியோடு செய்ய உதவுவது. மூன்றாவது ஆதரவு: இந்த வேலையைத் தாங்கிச் செய்யும் மனநிலையைக் காப்பது. நம் ரிவ்யூ கூட்டம் முதலாவது மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் நேரமும் இல்லை, ஆளும் இல்லை.

இது பணியாளர் நலனுக்கான சலுகை என்று யாராவது நினைத்தால், லண்டனில் நடந்ததைச் சொல்வேன். விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பிப்ரவரியில் இறந்தாள். பொறுப்பில் இருந்த உறவுப் பெண்ணும் அவளுடன் வாழ்ந்த ஆணும் செய்த கொடுமை. சமூகப்பணித் துறை, மருத்துவமனை, போலீஸ் எல்லோர் கண்ணிலும் பட்ட குழந்தை அவள். லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003ல் வந்தது, 108 பரிந்துரைகளோடு. வீடு தேடிப் போன களப்பணியாளரை விட, அவருக்கு மேலே இருந்தவர்களைத்தான் அவர் கடுமையாகச் சாடினார். அந்தப் பணியாளருக்கு உருப்படியான மேற்பார்வை கிடைக்கவில்லை. அந்தக் குழந்தையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று யாரும் அவளிடமே உட்கார்ந்து கேட்கவில்லை.

தறிச்சத்தம், உங்கள் மனசு ஒப்பாத கேஸுக்கு வருகிறேன். தகவல் எதுவும் எனக்கு வேண்டாம், இங்கே எழுதவும் வேண்டாம். நீங்களே யோசித்துப் பாருங்கள். நாலு விசிட்டிலும் நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள்? அந்தக் குழந்தை எங்கே இருந்தாள்?

சோளத்தட்டு எழுதியது:

நான் பழைய ஆள். நன்னடத்தை அலுவலரா இருந்து ரிட்டயர் ஆனவன். இளைஞர் நீதி சட்டம் 1986, 2000, 2015 மூணையும் பார்த்தாச்சு. நீங்க எழுதறது எல்லாம் சரிதானுங்க. ஆனா ஒரு கேள்வி. ஒப்பந்தப் பணியாளருக்குச் சம்பளம் நேரத்துக்கு வருதா? காலியா இருக்கிற இடத்துக்கு ஆள் போடறாங்களா? புறத்தொடர்புப் பணியாளருக்கு வேலை அறிவிப்புல போட்ட தொகுப்பூதியம் 10,592 ரூபா. அதுல பெட்ரோல் போட்டுட்டு வீடு வீடாப் போகுது அந்தப் புள்ளை. முதல்ல வயிறு, அப்பறம்தான் மனசு. எங்க காலத்துல மனசு பாரமா இருந்தாப் பழனிக்கு நடந்து போவோம், வந்து மறுபடி வேலையைப் பார்ப்போம். பேசிப் பேசித்தான் ஆறணும்னு இல்லை.

நொய்யல்கரை எழுதியது:

சோளத்தட்டு ஐயா, சம்பள விசயத்துல நீங்க சொல்றதுல ஒரு எழுத்துக்கூட மாத்த வேண்டியதில்லை. அதுக்கு மனு குடுக்கறதுலயும் நான் இருக்கேன். ஆனா என் சம்பளத்தை ரெட்டிப்பு பண்ணியிருந்தாலும் அந்தப் பன்னெண்டு வயசுப் பையனை வெச்சுத்தான் நான் பேசியிருப்பேன். அது பட்டினியில வந்த தப்பு இல்லீங்க, தனியா யோசிச்சதுல வந்த தப்பு. பழனிக்கு நடக்கறப்ப உங்களுக்குக் கூட நாலு பேர் நடந்து வந்திருப்பாங்க. அவங்க யாருன்னு சொல்லுங்க, கேக்க ஆசையா இருக்கு.

சோளத்தட்டு எழுதியது:

எங்க ஆபீஸ் ஆட்கள்தான் தம்பி. அஞ்சு பேர், அதுல ரெண்டு பேர் வழக்குல சிக்கின பசங்களை வெச்சிருக்கிற கூர்நோக்கு இல்லத்துல வேலை பார்த்தவங்க. நீ கேட்டதும் ஞாபகம் வருது. தாராபுரம் தாண்டி ராத்திரி நடக்கறப்ப எல்லாக் கேஸையும் பேசித் தீர்ப்போம். ஒருத்தன் தன் பொறுப்புல இருந்த பையன் செத்ததைப் பத்தி அந்த ரோட்டுல வெச்சுத்தான் சொன்னான், ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னதில்லை. சரி, நீ சொல்றது புரியுது. சம்பளத்தையும் விட்டுடாதீங்க.

பச்சைமை எழுதியது:

இந்த இழையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. நான் அதிகாரி தரப்பில் இருக்கிறேன், இதுவும் கொங்கு மாவட்டம்தான். ரிவ்யூவில் நம்பர் கேட்கிற ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மேலே அதே நம்பரை என்னிடம் கேட்கிறார்கள். ஒரு நாளில் கலெக்டர் ஆபீஸ் கூட்டம், குழந்தைகள் நலக் குழு, கோர்ட் சம்மன், குழந்தைத் திருமணத் தகவல், இல்லங்கள் ஆய்வு எல்லாம் இருக்கும். ஒவ்வொருவருடனும் பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால், எட்டுப் பேருக்குப் பன்னிரண்டு மணி நேரம். நான் செய்ய வேண்டியதுதான். ஆனால் அது எப்படிச் செய்வது என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சட்டம், விதிகள், மிஷன் வாத்சல்யா (மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம்) வழிகாட்டுதல், கணக்கு எல்லாவற்றுக்கும் பயிற்சி போயிருக்கிறேன். எதிரில் உட்கார்ந்து அழும் பணியாளரிடம் என்ன கேட்பது என்று ஒரு வகுப்பும் இல்லை. "லீவு எடுத்துக்கோம்மா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராமல் திணறியிருக்கிறேன்.

இதை விடப் பெரிய சிக்கல் ஒன்று. ஒப்பந்தம் புதுப்பிக்க என் கையெழுத்து வேண்டும். "மேடம், அந்த வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு, நாலு தடவை போகாமலே போனதா எழுதிட்டேன்" என்று ஒரு பெண் என்னிடம் சொல்வாளா? சொன்னால் நான் அதை என்ன செய்ய வேண்டும்? கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் குழந்தைக்கு ஆபத்து. மெமோ கொடுத்தால் அடுத்து யாரும் உண்மை பேச மாட்டார்கள். வேம்படி அம்மா, இதற்கு உங்கள் பதில் எனக்குத் தேவை.

வேம்படி எழுதியது:

பச்சைமை, நீங்கள் கேட்டது இந்தத் துறையின் மிகப் பழைய கேள்வி. என் கருத்து இது: கையெழுத்துப் போடுபவரும் மனம் திறந்து கேட்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. நல்ல அதிகாரிகள் இரண்டையும் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒப்பந்த வேலையில், வருடத்துக்கு ஒரு முறை வேலை போகுமோ என்ற பயத்தில் இருப்பவர்களிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நிர்வாகம் உங்களிடம் இருக்கட்டும். கேஸைப் பேசும் நேரத்தை மாவட்டத்துக்கு வெளியே உள்ள, அனுபவம் உள்ள ஒருவரிடம் விடுங்கள்.

நீங்கள் சொன்ன அந்தப் பெண்ணின் விஷயம் வேறு. போகாமல் போனதாக எழுதியது ரகசியமாக இருக்க முடியாது. எந்தக் குழுவாக இருந்தாலும் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: குழந்தைக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிய வந்தால் அது இந்த அறைக்குள் நிற்காது. போக்சோ சட்டம் 19ஆம் பிரிவு நம் எல்லோரையும் கட்டுப்படுத்தும், பாலியல் குற்றம் என்று தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது "ஏன் போகலை" என்பதல்ல. "அந்த வீட்டு வாசல்ல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏதோ நடந்திருக்கும்.

உங்களுக்கும் ஒருவர் வேண்டும், பச்சைமை. அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

மலைப்பாதை எழுதியது:

நானு தாளவாடிப் பக்கங்க. தனியார் அமைப்பு மூலமா மலைக் கிராமத்துல களப்பணி. சத்தியமங்கலத்துல கூட்டம்னா திம்பம் மலைல 27 கொண்டை ஊசி வளைவு எறங்கி வரணும், பொழுது சாயறதுக்குள்ள திரும்பி ஏறணும். ராத்திரி ரோட்டுல கட்டுப்பாடு இருக்கு, யானை வேற.

என் பாரம் உங்களுது மாதிரி இல்லீங்க. நான் வேலை பார்க்கறது என் சொந்த ஊருல. போன வருசம் பதினஞ்சு வயசுப் புள்ளைக்குக் கல்யாணம்னு தெரிஞ்சு 1098க்குச் சொன்னேன். வந்து நிறுத்தினாங்க. நல்லது. புள்ளை இப்ப பத்தாவது எழுதிட்டா. ஆனா அந்த மாப்பிள்ளை வீடு எங்க சித்தப்பா வகையில ஒறம்பரை. அதுக்கப்பறம் வந்த நோம்பிக்கு எங்க வீட்டுக்கு ஒருத்தரும் வரலை. அம்மா இலை போட்டு வெச்சுட்டுத் திண்ணையிலயே உக்காந்திருந்துச்சு. "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லலை சாமி, ஆனா ஒரு ஆளாச்சும் வந்திருக்கலாம்"னு சொல்லுச்சு. அது என் மேல கோவிச்சிருந்தாக் கூடப் பரவாயில்லை.

இதை ரிப்போர்ட்டுல எந்தக் கட்டத்துல எழுதறது? "குழந்தைத் திருமணம் தடுப்பு: 1". அவ்வளவுதான் எழுத முடியும். அடுத்த தகவல் வர்றப்ப ஃபோன் எடுக்க முன்னாடி ஒரு நிமிசம் யோசிச்சேனுங்க. அந்த ஒரு நிமிசத்தை யார்கிட்டயும் சொன்னதில்லை, இங்கதான் சொல்றேன். அப்பறம் எடுத்துச் சொன்னேன், ஆனா யோசிச்சது யோசிச்சதுதானே.

இல்லத்துவாசல் எழுதியது:

நாங்களும் இதுல சேருவோமுங்களா? நான் படிச்சது பன்னெண்டாவது. குழந்தைகள் இல்லத்துல இல்லத் தாயா இருக்கேன், எட்டு வருசமாச்சு. எங்களை யாரும் களப்பணியாளர்னு சொல்ல மாட்டாங்க. மூணு வயசுல வந்த ஒரு பையன் என் முந்தானையைப் புடிச்சுட்டேதான் தூங்குவான். அவன் வளர்ந்து இப்பப் போன மாசம் சொந்தக் குடும்பத்தோட சேர்த்துட்டாங்க. சந்தோசம்தான், அவன் பாட்டி நல்ல மனுசி. அன்னிக்கு ராத்திரி மத்தக் குழந்தைகளுக்குச் சோறு போட்டேன், என்னால உக்காந்து திங்க முடியலை. மறுநாள் அவன் படுக்கைக்குப் புதுக் குழந்தை வந்துருச்சு. அதைத் தூக்கறதுக்கு எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. அந்தக் குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு?

வேம்படி எழுதியது:

இல்லத்துவாசல், நீங்கள்தான் முதலில் சேர வேண்டும். அந்த ரெண்டு நாளைச் சொன்னதற்கு நன்றி அம்மா. அப்படி ரெண்டு நாள் எடுக்கத்தான் செய்யும். அது தெரியாமல்தான் பல இல்லங்களில் "யார் மேலயும் ரொம்பப் பாசம் வெக்காதீங்க" என்று தாய்மார்களுக்கு உத்தரவு போடுகிறார்கள். பாசம் வைக்காதவர் கையில் வளர்கிற மூன்று வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

தறிச்சத்தம் எழுதியது:

வேம்படி அம்மா, நீங்க கேட்டதுக்குப் பதில் எழுத நாலு நாள் ஆயிருச்சு.

நான் ஆசாரத்துல (முன் கூடத்துல), கதவோரமா, அவங்க போட்டுக் குடுத்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தேன். நாலு தடவையும் அதே சேர். உள் ரூம்ல தறி ஓடிட்டு இருக்கும், அந்தச் சத்தத்துல அம்மா பேசறது கேக்கறதுக்காக நான் அவங்க பக்கமாவே குனிஞ்சு உக்காந்திருப்பேன். குழந்தை? முதல் விசிட்ல கடைக்குப் போயிருந்தா. ரெண்டாவதுல தூங்கிட்டு இருந்தா, மத்தியானம் மூணு மணிக்கு. மூணாவதுல அம்மா மடியில. நாலாவதுல தம்பியை இடுப்புல வெச்சுட்டு வாசப்படில நின்னா, நான் பேரு கேட்டேன், அம்மா பதில் சொன்னாங்க. ஏழு வயசுப் பொண்ணோட குரலை நான் ஒரு தடவைகூடக் கேக்கலைங்க. எனக்கு ஒப்பாததுக்குக் காரணம் அதுதான். அதைக் கண்டுபுடிக்க எனக்கு ஒரு கேள்வி தேவைப்பட்டுச்சு.

மறுநாள் பள்ளிக்கூடத்துல, டீச்சர் சம்மதத்தோட, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வேப்ப மரத்தடியில அவகூட உக்காந்தேன். முட்டையை ரெண்டாக்கி ஒரு பாதியை டிபன் டப்பாவுல மூடி வெச்சா. "தம்பிக்கு"ன்னா. அதுதான் அவ எங்கிட்டப் பேசின முதல் வார்த்தை. அதுக்கப்பறம் சொன்னதை இங்க எழுத முடியாது. அறிக்கையை முழுசா மாத்தி எழுதிக் குழந்தைகள் நலக் குழுவுக்குக் குடுத்தேன். ரெண்டு நாள் தாமதம், அதுக்கு விளக்கமும் எழுதிக் குடுத்தேன். ரெண்டு குழந்தைங்களும் இப்பப் பத்திரமா இருக்காங்க.

ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், இதுக்கு முன்னாடி ஆறு வருசத்துல எத்தனை வீட்டுல அதே மாதிரி பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துட்டு எழுதிக் குடுத்திருப்பேன்னு கணக்குப் போட்டுட்டே இருக்கேன். தூக்கம் வர மாட்டேங்குது.

நொய்யல்கரை எழுதியது:

அக்கா, அந்தக் கணக்கைத் தனியாப் போடாதீங்க. பழைய ஃபைல் எதெல்லாம் மனசுல உறுத்துதோ அதை எடுத்து ஒரு ஃபாலோ அப் விசிட் போட்டுப் பார்க்கலாம், அது செய்யக்கூடிய வேலைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுட்டு இருந்தா 14416 கூப்பிடுங்க, டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண், தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. நான் கூப்பிட்டிருக்கேன். ஆனா அது உங்க மனசுக்குத்தான், கேஸைப் பேசறதுக்கு இல்லை. கேஸைப் பேச நாம ஒண்ணு ஆரம்பிப்போம். மாசம் ரெண்டு சனிக்கிழமை, எட்டுப் பேருக்கு மேல வேண்டாம், வேம்படி அம்மா நடத்தித் தந்தா.

பச்சைமை எழுதியது:

ஆரம்பிப்பதற்கு முன் சில விஷயங்கள். குழந்தையின் பெயர், ஊர், பள்ளி, படம் எதுவும் வெளியே வரக் கூடாது, இளைஞர் நீதி சட்டம் 74ஆம் பிரிவை ஒவ்வொருவரும் ஒரு முறை படித்துவிட்டு வாருங்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் கேஸ் பேசக் கூடாது, சந்திப்பு நேரம் மட்டும் போடலாம். அங்கே பேசி ஒரு முடிவுக்கு வந்தால், அந்த முடிவை அவரவர் அலுவலகத்தில் முறைப்படி சொல்லி, கேஸ் ஃபைலில் அவரவர் பெயரில் எழுத வேண்டும். "குழுவில் சொன்னார்கள்" என்று எழுத முடியாது.

என் பணியாளர்கள் மூன்று பேர் வர விரும்பினால் அந்தச் சனிக்கிழமையைப் பணி நாளாகக் கருதும்படி கோப்பு வைக்கிறேன். கிடைக்குமா என்று உறுதி சொல்ல மாட்டேன், வைப்பது உறுதி. பெங்களூர் நிம்ஹான்ஸில் சம்வாத் என்று ஒரு மையம் 2020ல் தொடங்கினார்கள், மத்திய அமைச்சகத்தின் ஆதரவோடு. குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். எனக்கு அங்கே ஒரு வாய்ப்புக் கேட்டு எழுதப் போகிறேன். நான் சேர முடியாது, கையெழுத்துப் போடும் ஆள். ஆனால் வேம்படி அம்மா, நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. மாதம் ஒரு முறை உங்களிடம் தனியாகப் பேச வரலாமா?

வேம்படி எழுதியது:

வாருங்கள் பச்சைமை. ஞாயிறு காலை.

குழுவை நான் நடத்துகிறேன், பணம் எதுவும் வேண்டாம். ஒரு சந்திப்புக்கு ஒரே ஒரு கேஸ்தான். நேரம் மிஞ்சினாலும் இரண்டாவது எடுக்க மாட்டேன். சொல்பவர் முதல் இருபது நிமிடம் தடையில்லாமல் சொல்ல வேண்டும், யாரும் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். நம் ஆட்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருக்கும், எனக்கும்தான். "நானா இருந்தா" என்று யார் ஆரம்பித்தாலும் நிறுத்துவேன். கடைசிப் பதினைந்து நிமிடம் கேஸ் பேச்சு கிடையாது, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவதற்கான நேரம். முதல் சந்திப்பு ஈரோட்டில், ரயில்வே ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு தோழியின் வீட்டு மாடி. மத்தியானம் இரண்டு மணி.

சோளத்தட்டு எழுதியது:

நானும் வரலாமா? கேஸ் எதுவும் இல்லை எங்கிட்ட. பழசு ஒண்ணு இருக்கு, 1994ல நடந்தது.

வேம்படி எழுதியது:

கட்டாயம் வாருங்கள் ஐயா.

மலைப்பாதை எழுதியது:

அம்மா, ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சா முடிய நாலு ஆயிரும். ஈரோட்டுல இருந்து சத்தி வந்து, அப்பறம் மலையேறணும், பொழுதுக்குள்ள எனக்குக் கஷ்டம். காலைலன்னா வந்துருவேன்.

இல்லத்துவாசல் எழுதியது:

எனக்கும் காலைதான் தோது. குழந்தைங்க பள்ளிக்கூடம் போற சனிக்கிழமையா இருந்தா இன்னும் நல்லது.

வேம்படி எழுதியது:

பத்தரைக்கு வைத்துக்கொள்ளலாம். மலைப்பாதை, கிளம்பும்போது ஒரு குறுஞ்செய்தி போடுங்கள், நீங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் ஆரம்பிப்போம்.